அடிக்கிளை

இரத்தோட்டைக்கு மேலே, முதியோர் இல்லத்துக்கு உதவுவதற்காக நாங்கள் நடத்தும் சின்னத் தோட்டத்தில் கிறிஸ்மஸ் மரங்கள் வளர்க்கிறோம். அந்தச் சைப்பிரஸ் மரத்தை வெட்டும்போது அடிக்கிளைகளை விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவற்றிலிருந்துதான் அடுத்த மரம் எழும்பும். நானும் தோழி ஜெசிந்தாவும் முறைவைத்துத் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் அவை.

போன டிசம்பரில் எனக்குக் காய்ச்சல். "வெட்டுறத நான் பார்த்துக்கிறேன், நீங்க படுங்கக்கா" என்றாள். நிம்மதியாகப் படுத்தேன்.

எழுந்து போய்ப் பார்த்தால் தோட்டமே மொட்டை. அத்தனை மரத்தையும் தரையோடு வெட்டி ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்திருந்தாள்.

"உயரமா வேணும்னு கேட்டாங்கக்கா. எனக்கு அங்க வேலையும் தர்றாங்க."

"இப்படி வெட்டினா திரும்ப வராதுன்னு தெரியாதா ஒனக்கு?"

அவள் தலையைக்கூடக் குனியவில்லை. "தெரியும்" என்றாள்.

வெட்டிய இடத்தில் பிசின் இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டிய அதைத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

இப்போது புதுக் கன்றுகளுக்கு நான் மட்டும் தண்ணீர் சுமக்கிறேன். ஹோட்டல் சீருடையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஜெசிந்தா என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். அன்றைக்கு "தெரியாதுக்கா" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால், நானும் சிரித்திருப்பேன்.