தானாகப் போன பதில்

எட்டாவது வரை படித்த நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னியுங்கள். கோபம் அடங்கவில்லை.

வத்தல்மலை முனியம்மா அக்கா விளைவிக்கும் சாமையை எங்கள் மகளிர் குழு இணையதளம் வழியாக விற்கிறது. மின்னஞ்சலில் விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பொங்கலுக்குப் பிறகு, நான் எவ்வளவு எழுதியும் ஒருவரும் வாங்கவில்லை. "உங்க சாமை மட்டங்க, அதான்," என்றார் தளத்தை அமைத்துக் கொடுத்தவர். அதை நம்பி, இந்த ஆடியில் விதைப்பதில்லை என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அக்காவோடு தருமபுரியில் இருக்கும் அந்தத் தளக்காரரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண், ஏபிஐ என்ற வழியில் சர்வரிடமே எங்கள் மின்னஞ்சலுக்குப் போட்டு வைத்திருந்த அமைப்புகளைக் கேட்டு வாங்கி வாசித்தாள்.

"சார், பொங்கல் லீவுக்குப் போட்ட ஆட்டோ ரிப்ளை, மெயில்ல கேக்குறவங்களுக்கெல்லாம் இன்னும் போயிட்டிருக்குங்க. 'விற்பனை இல்லை, வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளவும்'னு. முடியற தேதியே போடலைங்க."

அவர் சிரித்தார். "சின்ன விஷயம்மா. மறந்துட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்ப என் சாமை நல்லாத்தான் இருந்துச்சா?"

யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "மட்டம்னு சொன்ன வாயால, எங்க குழுவுக்கு வந்து அப்படி இல்லைன்னு சொல்லுங்க சார்."

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லி வைத்ததைத்தான் அது செய்தது. சாமையைக் கையில் அள்ளிக்கூடப் பார்க்காதவர் சொன்ன பழியை, தினமும் அதைச் சமைத்துச் சாப்பிடும் நாங்களே நம்பினோமே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் அந்தப் பதில் நின்றது. அவர் வரவில்லை. அக்கா சாமை விதைத்தார்.