சமையலறைப் பக்கச் சுவர்

எங்கள் ஊர்ச் சங்கம் ஸ்காபரோவில் ஒரு பழைய பண்டகசாலையை வாங்கி மண்டபமாக்கத் தொடங்கியபோது, வேலையை மேற்பார்வை பார்க்க என்னைப் போட்டார்கள். எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் காலை வேலை. பின்னேரங்களில் சும்மா இருக்கிற ஆள், அதோடு அதிகம் கதைக்காத ஆள். என்னைத் தெரிவு செய்தவர் அத்தான். அக்காவின் கணவர், சங்கத்தின் தலைவர். எங்களைக் கனடாவுக்கு எடுப்பித்தவரும் அவர்தான்.

மேற்பார்வை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற சாமான்களை இறக்க உதவ வேண்டும். கொன்ராக்டரின் ஆட்கள் எந்த அளவு முடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விபரத்தை அத்தானே வாசிப்பார். வாசித்து முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "என்ன மச்சான், எல்லாம் சரிதானே?" என்பார். நான் தலையாட்டுவேன். மேற்பார்வையாளர் ஏற்றுக்கொண்டார் என்று செயலாளர் எழுதுவார். அதற்குப் பிறகுதான் கொன்ராக்டருக்கு அடுத்த செக் போகும். பிறகு தேத்தண்ணியும் ரோல்ஸும் வரும். அந்த மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தம். யாரும் யாரையும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் நாங்கள் நாலு பேரும் ஒரு அறை அப்பாட்மென்றில் இருந்தோம். இரண்டு பெண் பிள்ளைகளும் ஹோலில் மெத்தை போட்டுப் படுப்பார்கள். மூத்தவள் பெரியபிள்ளையாகியிருந்தாள். உடுப்பு மாற்றுவதும் படிப்பதும் குளியலறைக்குள்தான். அத்தான் ரூஜில் புதுவீடு வாங்கியிருந்தார். வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்றை முடித்து எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு அறை, தனி வாசல். மனைவி அதைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள், பலமாகச் சொன்னால் கை தவறிவிடும் என்பது போல.

மண்டபத்தில் சமையலறைக்கும் சனம் இருக்கிற பக்கத்துக்கும் நடுவே ஒரு சுவர். அதற்குத் தீ தாங்கும் டிரைவோல் பலகை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படை அடிக்க வேண்டும் என்று பிளானில் இருந்தது. பெரிய எண்ணெய்ச் சட்டிகள் வைக்கிற இடம், மறுபக்கம் கல்யாணச் சனம். அந்தப் பலகைகளை நானும் நின்றுதான் இறக்கினேன். சாதாரணப் பலகையை விடப் பாரம் கூட. ஒன்றை நான் கதவு நிலையில் இடித்து மூலையை உடைத்துவிட்டேன். கொன்ராக்டரின் ஆட்கள் சிரித்தார்கள். அடுத்த கிழமை முழுவதும் எனக்கு ஓவர்டைம். மறுபடி போனபோது சுவர் பூசி முடிந்திருந்தது, பலகை ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் அடித்தாயிற்று என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தான் எங்களைப் பேஸ்மென்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறைகளுக்கு மரச்சட்டம் அடித்திருந்தது. மூத்தவள் சட்டத்துக்குள்ளே நின்று, "அப்பா, இது என்ர ரூம். பெட் இந்தப் பக்கம்," என்றாள். நான் அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். அங்கே பலகைகள் சாத்தியிருந்தன. முன்னால் இருந்த பலகையின் மூலை உடைந்திருந்தது.

மனைவியும் பிள்ளைகளும் மேலே போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"உது மண்டபத்துப் பலகையெல்லோ, அத்தான்?"

"பலகையில பேரே எழுதியிருக்கு?" என்று சிரித்தார். "கொன்ராக்டர் மிஞ்சினதைத் தந்தவர். கூலியில்லாமல் அடிச்சும் தாறன் எண்டவர்."

"மிஞ்சாதே. ரெண்டு படைக்கெண்டுதானே வந்தது."

"ஒரு படை போதும். கட்டடம் பாக்கிற இன்ஸ்பெக்டரே பாத்திட்டுப் போட்டார். நீ என்ன, அவரை விடப் பெரிய ஆளே?" பிறகு என் தோளில் கை வைத்தார். "எனக்கே மச்சான் இந்த அறை? உன்ர பிள்ளையளுக்குத்தானே."

அது உண்மை. நான் மேலே போய்ச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் பிள்ளைகளின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் கடையில மிச்சக்காசு குறைஞ்சாலும் வாய் திறக்காத மனுசன்," என்றாள். "உதுக்கு மட்டும் திறக்கப் போறியளே?"

தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வழக்கம்போல் வாசித்தார். சமையலறைச் சுவர் பிளானின்படி முடிந்தது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன மச்சான், எல்லாம் சரிதானே?"

என் தலை அசையவில்லை. நான் முடிவெடுத்து அப்படி இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். மரப்பு ஊசி போட்ட பல் மாதிரித் தலை தனியாக இருந்தது. செயலாளர் பேனாவோடு காத்திருந்தார்.

"சுப்பவைசர் நித்திரை போல," என்றார் பொருளாளர். "ஒரு ரோல்ஸைக் காட்டுங்கோ, எழும்புவார்." எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்தச் சுவரில ஒரு படைதான் இருக்கு," என்றேன். "மற்றப் பலகை மண்டபத்தில இல்லை."

"அப்ப எங்கை?" என்றார் செயலாளர்.

"தலைவருக்குத் தெரியும்."

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துவிட்டுச் செக்கைக் கொடுப்போம் என்று மட்டும் பொருளாளர் சொன்னார். ரோல்ஸ் மிஞ்சிப்போனது.

கொன்ராக்டரின் ஆட்கள் வந்து இரண்டாவது படையை அடித்தார்கள். அத்தான் வீட்டில் இருந்த அதே பலகைகள்தான் வந்தனவாம். இறக்க என்னைக் கூப்பிடவில்லை. அத்தான் தலைவராகவே இருந்தார். மேற்பார்வைக்கு வேறொருவரைப் போட்டதைக் கடையில் சந்தித்த ஒருவர் சொல்லி அறிந்தேன்.

அக்கா என்னோடு கதைக்கவில்லை. மனைவிக்குத்தான் ஃபோன் எடுத்தாள். ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு குடும்பம் பேஸ்மென்றுக்கு வருகிறதாம். மனைவி "ஓம் மச்சாள், ஓம்," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து என் சட்டைகளை எடுத்து வெளியே போட்டாள்.

"என்ன செய்யிறாய்?"

"பிள்ளையளை அறைக்குள்ள விடுவம். நாங்கள் ஹோலில படுப்பம்."

மூத்தவள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

"நிக்காதேங்கோ," என்றாள் மனைவி. "கட்டில்ல அந்தப் பக்கம் பிடியுங்கோ."

பிடித்தேன்.