சி பிடித்த கை

நாற்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்குப் பக்கவாதம் வரலாம், கிடார் வரக்கூடாது. எங்கள் ஊர் இப்படித்தான் முடிவு செய்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் நான் கொடைக்கானலில், விவசாயிகளுக்கு விதையும் யோசனையும் வழங்கும் அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். விதை சீக்கிரம் தீர்ந்துவிடும். யோசனை எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பழைய சாமான்களில் கிடார் ஒன்று கிடந்தது, வாங்கிவிட்டேன். என் மனைவி காய் நறுக்கும்போது ஒரு பழைய பாட்டை முனகுவாள். இரண்டு வரியோடு நிறுத்திவிடுவாள். அதை முழுசாக வாசித்து அவளை அசத்த வேண்டும் என்பது திட்டம்.

வீட்டில் சொல்லவில்லை. தபாலில் இந்தி, புத்தகத்தைப் பார்த்து யோகாசனம், மாடியில் காளான் என்று என் முந்தைய முயற்சிகளை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவள் வாய்விட்டுச் சிரிப்பதில்லை, தோள் மட்டும் குலுங்கும். வாய்விட்டுச் சிரித்தாலாவது திருப்பிக் கேட்கலாம். தோளிடம் போய் என்ன கேட்பது? ஆகவே கிடார் அலுவலகத்துப் பதிவறையில், பழைய கோப்புகளுக்குப் பின்னால் குடியேறியது.

இணையத்தில் வீடியோப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன என்று பத்திரிகையில் படித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாயுடுபுரத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். வாத்தியார் வழுக்கைத் தலை வெள்ளைக்காரர். கட்டிலில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். பின்னால் துவைத்த துணி மடிக்காமல் குவிந்திருக்கும். "ரொம்ப ஈஸி" என்று சொல்ல வாயைத் திறப்பார், திறந்த வாயோடு நின்றுவிடுவார். அவர் மூக்குக்கு மேல் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும். மலையில் மேகம் இறங்கினால் இணைப்பும் படுத்துவிடும். ஆறு நிமிடப் பாடத்தைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம். காசு வாங்கும் வாத்தியார் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம். இலவசத்தில் உள்ள பெரிய அநியாயமே அதுதான், கோபித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒருநாள் கிடாரை அங்கேயே தூக்கிக்கொண்டு போனேன். சென்டரை நடத்திய அம்மா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். நான் கம்பியை மூன்றாவது முறை மீட்டுவதற்குள் ப்ளைவுட் தடுப்புக்கு மேல் அவர் முகம் தெரிந்தது.

"சேர், இங்கன வச்சு அடிக்க வேணாம். மத்த ஆளுகளுக்குக் கரைச்சலா இருக்கு."

ஆக, பாடம் நாயுடுபுரத்தில், கிடார் அலுவலகத்தில், நடுவில் இருபது நிமிட ஏற்றம். கிடாரில் இடது கை விரல்களைக் கம்பிகள் மேல் ஒவ்வொரு வடிவமாக வைத்து அழுத்த வேண்டும். அதற்குப் பிடி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். சி என்றொரு பிடி, ஜி என்றொரு பிடி. தாளில் வரைந்து பார்த்தேன். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அது மழையில் ஊறி, ஏதோ தகராறில் இருக்கும் நிலத்தின் வரைபடம் போலாகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. திரையைப் பார்த்து விரல்களை வளைத்து, கலையாமல் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போவது.

வலது கையில் குடை. இடது கை நெஞ்சுக்கு நேராக மடங்கியிருக்கும். மூன்று விரல் கோணலாக வளைந்து, சுண்டுவிரல் மட்டும் எதிலும் ஒட்டாமல் நிற்கும். நினைப்பெல்லாம் விரலில் என்பதால் காலும் கொஞ்சம் இழுக்கும். யாராவது வணக்கம் வைத்தால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பேன். இரண்டு மாதம் இப்படி நடந்திருக்கிறேன். பார்த்தவர்களில் ஒருவருக்காவது சங்கீதம் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. டீக்கடைக்காரர் நான் நுழைந்ததும் பெஞ்சில் இருந்தவனை, "ஏலே, எந்திரி, சார் உக்காரட்டும்" என்று கிளப்பினார். என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து உட்கார்ந்தேன். டீயைப் பாதி கிளாஸ் மட்டும் ஊற்றி, என் வலது கையில் பிடிக்கக் கொடுத்தார். அலுவலகத்தில் மாடி ஏறவேண்டிய வேலைகளை எல்லாம் வேறொருவருக்கு மாற்றினார்கள். என் திறமையைக் கடைசியில் கண்டுகொண்டார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

வீட்டில் நடந்தது இன்னும் மோசம். மதியம் சாப்பிட நேரமில்லாமல் சாப்பாட்டு டப்பா பாதியோடு திரும்பி வந்தது. ஒருநாள் சாயங்காலம், அவள் நீட்டிய காப்பி டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு பேப்பர் படித்தபடி நின்றேன். சுடவில்லையா என்றாள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை என்றேன், கம்பி அழுத்திக் காய்த்துப்போன விரல்களை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவே. அவள் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அடுக்களையில் முனகல் நின்றுபோனது. அதையும் நான் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் கூக்கால் விவசாயி ஒருவர், அந்த ஊருக்கு இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸில் ஒன்றைப் பிடித்து, ஒரு பை நிறையப் பூண்டோடு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் எல்லாம் கேட்டது.

"சாருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிருச்சுன்னு சொன்னாங்க. வெள்ளனே எந்திரிச்சதும் பத்துப் பல்லு, பால்ல வேக வச்சுக் குடுங்கம்மா. எங்க சின்னையா ரெண்டு வருசம் கட்டையாக் கெடந்தாரு. இப்பக் கேரட்டுக் காட்டுல களை கொத்துறாரு."

துண்டோடு ஓடிவந்து, அதெல்லாம் இல்லை, நான் கிடார் கற்றுக்கொள்கிறேன் என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். புத்தியும் கலங்கிவிட்டது என்று அந்தப் பார்வை சொன்னது. வெரசா ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார்.

இனித் தோள் குலுங்கும் என்று எதிர்பார்த்தேன். குலுங்கியது, ஆனால் அது சிரிப்பில்லை.

"ஒரு மாசமா நீங்க சட்டைப் பித்தான் போடுறத நின்னு பாத்துக்கிட்டிருக்கேங்க. எங்கப்பாவும் ஒண்ணுமில்லம்மான்னுதான் சொன்னாரு. வெத்தலய எடுக்கப் போன கை பாதியில நின்னுபோச்சு."

மாமனார் வாதத்தில் போனார் என்பது எனக்குத் தெரியும். வெற்றிலை தெரியாது.

சத்தியம் செய்து பார்த்தேன், எடுபடவில்லை. அலுவலகக் காவலாளியைக் கெஞ்சிப் பதிவறையைத் திறக்கச் சொல்லி, கிடாரைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். அவளுடைய பாட்டையே வாசித்தேன். சி பிடியிலிருந்து ஜி பிடிக்குப் போக எனக்கு அப்போது நாலு நொடி ஆகும். அந்த நாலு நொடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் போய்ச் சேர்ந்ததும் விட்டாள்.

"மூணு வெரலு போகுது. சுண்டுவெரலு?"

ஆட்டிக் காட்டினேன்.

"சும்மா ஆட்டுறத எங்கப்பாவும்தான் ஆட்டுனாரு. கம்பியில வச்சு அமுக்குங்க பாப்போம்."

அமுக்கினேன். வழுக்கியது. சத்தம் வரவில்லை.

"சுண்டுவிரல் ஏழாவது பாடத்துலதான் வருது. நான் இன்னும் நாலே தாண்டலை."

"அப்ப அந்த ஏழாவத நானும் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் மதியம் என்னோடு நாயுடுபுரத்துக்கு வந்தாள். ஒருவர் உட்காரும் தடுப்புக்குள் இருவர் நெருக்கி உட்கார்ந்தோம். சென்டர்க்கார அம்மா தானாகவே ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டு, ஐயாவுக்கு இப்போது சுகமா என்று அவளிடம் விசாரித்தார். வட்டம் சுற்றியது. நான் பல்லைக் கடித்தேன், அவள் அசையாமல் காத்திருந்தாள். வாத்தியார் ஒருவழியாகச் சுண்டுவிரலை வளைத்தபோது, என் சுண்டுவிரலைப் பிடித்து மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். ஐந்தையும் ஆறையும் பார்க்கவே விடவில்லை.

தினமும் காலையில் பூண்டுப் பால், மாலையில் சுண்டுவிரல். மூன்றாவது வாரம் கம்பியிலிருந்து சுத்தமாக ஒரு சத்தம் வந்தது. அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரியாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு எழுந்து போனாள். ஊரில் பூண்டுக்குத்தான் பெயர். டீக்கடையில் மறுபடி முழு கிளாஸ் கிடைத்தது, பெஞ்சில் இடம்தான் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுக்களையில் முனகல் கேட்டது. வழக்கம்போல இரண்டு வரியில் நின்றது. நான் கூடத்தில் தயாராக இருந்தேன். மூன்றாவது வரியைத் தொடங்கினேன், சுண்டுவிரலோடு.

"போதுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க."