நாலு கலர் சுகிர்தா

நாலு பேனாவையும் மேசையில் வரிசையாக வைத்த பிறகுதான் சுகிர்தா தாளையே தொடுவாள். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் படத்தை நாலு நிறமாகப் பிரிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் பியானோ பாட்டை நாலாகப் பிரிப்பாள்.

பாட்டெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை. மகள் எழில் மூன்று மாதம் பியானோ படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட மேல்நாட்டு இசைப் புத்தகத்தில் உள்ளவை. விருதுநகரில் எழில் போன ஞாயிற்றுக்கிழமை இசை வகுப்பில் பிள்ளைகள் நின்றுவிட, கொண்டுவிட வந்த பெற்றோரில் சுகிர்தாவோடு சேர்த்து நாலு பேர் படிக்க உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு வயலின், ஒருவருக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, ஒருவருக்குத் தரையில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ. நாற்பது வயதில் பிள்ளைப் பாட்டு வாசிப்பதில் சுகிர்தாவுக்கு வெட்கமே கிடையாது. "எல்.கே.ஜி.யில சேந்தா ரைம்ஸ்தான படிக்கணும்" என்பாள்.

ஒருவர் பத்து விரலால் அமுக்குவதை நாலு வில்லுக்குப் பங்கு வைப்பது லேசான காரியமில்லை. பந்தி மாதிரி எல்லார் இலையிலும் ஏதாவது விழவேண்டும். பியானோ ஒலி அடித்தவுடன் மங்கும். வில்லின் ஒலி இழுக்கிற வரை நிற்கும். எதை நிற்கவிடுவது, எதை நறுக்குவது என்று உதட்டைக் கடித்து யோசிப்பாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். எழுதி முடித்ததும் தாளின் மூலையில் ஒரு கட்டம் போட்டு, காலண்டர் ஆர்டர் கொடுத்த பார்ட்டி ப்ரூப் பார்த்துச் சம்மதிக்கிற மாதிரி 'ஓகே' எழுதி, கையெழுத்தையும் தானே போட்டுக்கொள்வாள்.

வயோலா வாசிப்பவர் மொக்கைச்சாமி. ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு கம்பெனியில் லோடு ஏற்றிவிடுகிறவர். மீசை பெரிது, கை அதைவிடப் பெரிது. ஆளுக்கொரு நிறத்தில் அவருக்கு மஞ்சள். மஞ்சளில் எழுதினால் தெரியாதென்று கருப்பில் எழுதி, தாளின் நெற்றியில் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பாள். போன மாதம் ஒருநாள் அவர் வயோலாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நான் நின்னுக்கிறேன் தாயி."

சுகிர்தா அந்தப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டாள். வயோலாவுக்கு இந்த வட்டாரத்தில் வேறு ஆள் ஏது? மூன்று பேராகிவிட்டால் எழுதிவைத்த பதினோரு பாட்டும் தாளோடு கிடக்கவேண்டியதுதான்.

"அண்ணாச்சி, மஞ்சளத் தனியாப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. அத எடுத்துட்டா காலண்டர்ல முருகன் மூஞ்சியே செத்துப்போயிரும். நீங்கதான் மஞ்சள்."

"அது சரி தாயி. ஆனா வீட்டுல உக்காந்து அம்புட்டு நேரம் வாசிக்கேன். எம்பொண்டாட்டி வந்து, 'ஏங்க, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?'ங்கா. நான் என்னத்தச் சொல்ல?"

சுகிர்தா தாள்களை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து பதினோரு பாட்டையும் புரட்டினாள். பதினொன்றிலும் மெட்டு முதல் வயலினுக்கே போயிருந்தது. முதல் வயலின் அவள்தான். பரிமாற வந்தவளே பாயசத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"இந்த ஒரு வாரம் மட்டும் வாங்க அண்ணாச்சி" என்று கெஞ்சிக் கூப்பிட்டதில் அடுத்த ஞாயிறு வந்தார். பன்னிரண்டாவது பாட்டு. நடுவில் ஒரு வரி முழுக்க மெட்டு வயோலாவுக்கு வந்திருந்தது. முதல் வயலினுக்கு அந்த நேரம் ஒரே ஒரு சுரம். மொக்கைச்சாமி திக்கித் திக்கி வாசித்தார். ஓரிடத்தில் சுருதி விலகியது, நிறுத்தவில்லை. சுகிர்தா தன் ஒற்றைச் சுரத்தை இழுத்தபடி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கா தாயி?"

தாளை அவர் பக்கம் திருப்பினாள். மூலையில் கட்டம் காலியாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.