மாலை போட்ட படத்தில் அமுதாக்கா இல்லை

அமுதாக்கா இறந்த செய்தி, வீட்டு வேலைக்குப் போகும் நம் வேனில்தான் எனக்கு வந்தது. திங்கட்கிழமை காலை கரையான்சாவடி நிறுத்தத்தில் அவர் நிற்கவில்லை. ஓட்டுநர் பாபு அண்ணன் இரண்டு முறை போன் செய்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "அமுதா போய்ட்டாமா. காய்ச்சல்னு படுத்தவ விடியக்காத்தால எய்ந்திருக்கல." உங்களில் பலர் அந்த வேனில் இருந்தீர்கள். அவர் உட்காரும் சன்னலோர இடத்தில் அன்று யாரும் உட்காரவில்லை.

நானும் அவரும் வேலை செய்யும் வில்லாக்களின் வாசலில் இறங்கி உள்ளே நடந்தேன். எதிரே, அங்கே குடியிருக்கும் கரோல் மேடம் நடைப்பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வெள்ளை முகம் இன்னும் வெளுத்தது. கிட்டே வந்து, ஒரு விரலால் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது. வேகமாகப் போய்விட்டார். காவலாளி அதற்குச் சற்று முன்புதான் அவரிடம் செய்தியைச் சொல்லியிருக்கிறார். இறந்தவள் எதிரே நடந்து வருகிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

அமுதாக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. எனக்குப் பதினேழு. அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவர் வாய் ஓயாது. என் வாய் திறக்காது. நம் வேனில் யாரும் எங்களை மாற்றிப் பார்த்ததில்லை. உங்களுக்கு அமுதாக்காவைத் தெரியும், அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வில்லாக்களில் பாதிக்கு மேல் கார் தொழிற்சாலைகளுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் சில குடும்பத்தார் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிறுதோறும் வில்லாக்களுக்குப் பொதுவான கிளப் ஹவுசில் கூடி ஜெபிப்பார்கள். கரோல் மேடம் பியானோ வாசிப்பார். அந்தக் கூடத்தைப் பெருக்கி, நாற்பது நாற்காலி போடுவது அமுதாக்காவின் வேலை. ஒரு ஞாயிறு துடைப்பத்தோடு கதவோரம் நின்றவரை யாரோ உட்காரச் சொல்ல, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்தச் சபையில் ரொட்டித் துண்டும் தண்ணீரும் தட்டில் வரும். ஒருவர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் தட்டைக் கொடுப்பார். அமுதாக்கா வாங்கினார், எடுத்தார், பக்கத்திலிருந்த வெள்ளைக்கார அம்மாளிடம் நீட்டினார்.

"நான் புடிச்ச தட்டுலேர்ந்து அந்தம்மா எடுத்துக் குடிச்சிச்சிடி" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "இதுக்கு முந்தி வேல செஞ்ச ஊட்ல எனக்கு டம்ளர் சன்னல்ல தனியா இருந்திச்சி. நானே எடுத்து நானே கழுவி வெக்கணும். இங்க எங்கைலேர்ந்து வாங்குறாங்க." அதை அவர் சிரிக்காமல் சொன்னார். அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் டீ குடிப்பதை நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சபையில் டீயும் காப்பியும் கூடாது. "டீ கூட குடிக்க உடாத சாமி இன்னா சாமிடி?" என்று வேனில் சரோஜா அக்கா கேட்டார். அமுதாக்கா, "ஒனக்கு டீ வாங்கிக் குடுத்துக் குடுத்தே என் சாமி ஏழையா பூட்டாரு, அதான்" என்றார். அத்தனை பேரும் சிரித்தோம்.

என்னை அங்கே கூட்டிப்போனதும் அவர்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பதினான்காம் எண் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். பாதிப் பேச்சு எனக்குப் புரியாது. "புரிய வேணாம், பக்கத்துல வந்து குந்து" என்றார். "ஒருத்தியா குந்திக்கினா எல்லாரும் என்னியே பாக்குற மாரி கீது. ரெண்டு பேரா குந்தினா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

அது உண்மையாயிற்று. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. கை குலுக்குவார்கள், புன்னகை செய்வார்கள், அன்பாகத்தான் நடந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் கண் எங்கள் முகத்துக்கு ஓரடி முன்பாகவே நின்றுவிடும். சிலநாள் அவரை என் பெயரால் "கஸ்தூரி" என்பார்கள், சிலநாள் என்னை "அமுதா" என்பார்கள். முன்னால் பொன்னிற முடியும் பழுப்பு முடியுமாக வரிசை வரிசையாகத் தலைகள். குளிரூட்டி ஓடும் கூடத்தில் எனக்குச் சில சமயம் நான் அங்கே இல்லாததுபோலத் தோன்றும். அப்போது அக்காவின் முழங்கையை லேசாகத் தொட்டுக்கொள்வேன்.

அவர் ஞானஸ்நானம் எடுத்தது அங்கிருக்கும் நீச்சல் குளத்தில். வேலையாட்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்று அதன் பக்கத்திலேயே பலகை இருக்கிறது. வெள்ளை உடையில் அக்கா அந்தப் பலகையைத் தாண்டி இறங்கினார். முழுவதும் முங்க வேண்டும், ஒரு முடி நனையாவிட்டாலும் திரும்ப முங்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் அவர் கண்களைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நின்ற எனக்கு அந்தக் கண்கள் தெரிந்தன. மறுநாள் காலை நாங்கள் வந்தபோது குளம் காலியாக இருந்தது. நீலத் தரையை ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் வழக்கமாகச் செய்யும் சுத்தம் என்றார்கள். "மாசம் முடிய இன்னும் பத்து நாள் கீது" என்றார் அக்கா. சற்று நின்று பார்த்துவிட்டு, "சரி, நம்ம அழுக்க அவங்க தேய்க்கட்டும், ஒரு நாளாவது" என்று சொல்லி நடந்தார்.

ஒரு ஞாயிறு சபையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று எல்லோரையும் படம் வரைந்து காட்டியது. ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், கண்ணின் நிறம் உட்பட. கடைசி வரிசையில் பழுப்புப் பென்சிலால் ஒரே ஓர் உருவம். ஒரு தலை, நான்கு கைகள். இரண்டு கைகள் தட்டைப் பிடித்திருந்தன, இரண்டு மடியில் இருந்தன. அக்கா குழந்தையிடம் அதைக் கேட்டு வாங்கி என்னிடம் தந்தார். "பாத்தியா, திருவேற்காட்டு அம்மன் மாரி கீறோம். சூலந்தான் இல்ல."

அவரை வெள்ளானூரில் அடக்கம் செய்தபோது நீங்களெல்லாம் வந்தீர்கள். அடுத்த ஞாயிறு சபையில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அக்காவின் அம்மாவையும் கார் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். நான் வேலை செய்யும் வீட்டு மேடம் அப்போது ஊரில் இல்லை. அவருக்கு என் முகம் தெரியும்; இருந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது. நான் குழந்தைகளின் அறையில் உதவிவிட்டுச் சற்றுத் தாமதமாகக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

மேசை மேல் பெரிய படம். நம் ஊர் வழக்கம் என்று யாரோ சொல்லிச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவள் நான்.

கிறிஸ்துமஸ் விருந்தன்று எடுத்த படம். என் நீலச் சுடிதார், என் ஒற்றைச் சடை. கால்கள் எப்படியோ என்னைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோயின. முன்னால் கரோல் மேடம் பேசிக்கொண்டிருந்தார். அமுதா அதிர்ந்து பேசாதவள், எப்போதும் தலை குனிந்திருப்பாள், அந்தக் கூச்சம் நிறைந்த சிரிப்பை மறக்க முடியாது என்றார். சொல்லும்போது உண்மையாகவே அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். என் படத்தைப் பார்த்து அழுதார்கள். நான் என் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் அக்காவின் அம்மா இருந்தார். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, இன்னா இது?" என்று என் காதருகே கேட்டார். "உசுரோட குந்திக்கினு கீற பொண்ணுக்கு மால போட்டு வெச்சிக்கீறாங்க. எம்மவ எங்கமா?"

அந்தக் கேள்விக்கு அங்கே என்னைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் அமுதாக்கா என் முகத்தோடும் என் கூச்சத்தோடும் அவர்கள் நினைவில் தங்கிவிடுவார். அவர் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். எழுந்து நடந்தேன். நாற்பது நாற்காலிகளைத் தாண்டுவது அவ்வளவு தூரம் என்று தெரியாது. மாலையைக் கழற்றினேன். ஈரமாக, கனமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "திஸ் இஸ் மீ. கஸ்தூரி. நாட் அமுதா. அமுதா டாக்ஸ் அண்ட் லாஃப்ஸ். தட் இஸ் ஹர் மதர்."

பிறகு கரோல் மேடம் வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் தங்கள் போன்களை எடுத்து அமுதாக்காவின் படத்தைத் தேடினார்கள். விருந்துகள், பிறந்தநாள்கள், மூன்று வருடப் படங்கள். ஒன்றில்கூட அவர் இல்லை. ஒவ்வொரு முறையும் போனை அவர் கையில் கொடுத்து, எங்களை எடு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் படத்தை எடுத்தவரும் அவர்தான்.

கரோல் மேடம் தம் போனில் அதை வெட்டாத முழுப் படமாகக் காட்டினார். அக்காவின் அம்மா வாங்கி, கண்ணருகே வைத்து, நீண்ட நேரம் பார்த்தார். "தோ கீறா" என்றார். எல்லோர் தலைக்கும் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவில் ஒரு கறுப்பு நிழல், கையைத் தூக்கி நின்றது. "மூஞ்சி தெரியல. ஆனா கைய இப்படித் தூக்கினு நிக்கிறவ எம்மவதான்." அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.

அன்று என் அம்மா எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அடுத்த ஞாயிறு வாசலில் கரோல் மேடம் கை கொடுத்து, "அமுதா" என்றார். "கஸ்தூரி" என்றேன். இப்போதும் சிலநாள் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். என் குரல் கேட்கிறது.

மாலை போட்ட என் படத்தை யாரோ எடுத்து அனுப்ப, அது உங்கள் போன்களுக்கும் வந்திருக்கிறது. தயவுசெய்து அழித்துவிடுங்கள். வேனிலோ, கரையான்சாவடியிலோ, யாராவது அமுதாக்காவை எடுத்த படம் வைத்திருந்தால் அவர் அம்மாவுக்குக் கொடுங்கள். என்னிடம் இருப்பது அந்தக் குழந்தை வரைந்த படம் மட்டும். அதைப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். முகம் யாருடையது என்று சொல்ல முடியாது. கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். மடியில் இருப்பவை என்னுடையவை. தட்டை நீட்டிக்கொண்டிருப்பவை அவருடையவை.