குச்சி கூடாத மலை

தொண்ணூறுகளின் கடைசியில், குடியை விட்ட பத்துப் பதினைந்து பேர் ஞாயிறு காலைகளில் ஆம்பூரை ஒட்டிய மலையில் ஏறுவோம். உச்சிப் பாறையில் உட்கார்ந்து, சின்ன வயதில் பட்டதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்வோம். எங்களைக் கூட்டிப் போனவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் தொழிலாளி. எங்களுக்கு முன்பே குடியை விட்டவர். ஒல்லியான உடம்பு, ரசாயனம் தின்ற நகங்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊன்றிக்கொள்ள யார் குச்சி ஒடித்தாலும் பிடுங்கிப் புதருக்குள் வீசிவிடுவார். ஒரு நாள் என் குச்சியும் போனது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"முட்டி வலி உயிர் போவுது. இன்னா மனுசன்யா நீ?"

"சத்தம் போடாத சார். முன்னால போறாங்களே, அதுல ஜாஸ்தி பேரு குச்சியில அடி வாங்கி வளந்தவங்க. பின்னால ஒருத்தன் குச்சியோட வந்தா அவங்களுக்கு இன்னிக்கும் முதுகு கூசுது. நீ என் தோள புடிச்சிக்கினு வா."

பிடித்துக்கொண்டு ஏறினேன். பாறையில் ஒருவன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். அடித்தது அவனுடைய வாத்தியார். ஊரில் அந்த வாத்தியாருக்கு இன்னும் மாலை, மரியாதை. இவனுக்குக் குடிகாரன் என்ற பட்டம். இது என்ன நியாயம்?

"அவன் கைய ஒடிக்கணும்!" என்று கத்தினேன். டேனரிக்காரர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் வகுப்பில் மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் பிரம்பு கிடந்தது.

நான் வாத்தியார் என்பது அந்த மனிதருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் தோளைக் கொடுத்திருக்கிறார்.