கேப்டன் கொடுத்த பரிசுகள்

அந்தப் பழைய பயணிகள் கப்பல் கம்பெனியின் நினைவுப் பொருட்களைச் சேகரிக்கும் பொறுப்பு, அதே கப்பல்களில் முப்பது வருடம் சாப்பாடு பரிமாறியவரிடம் இருந்தது. அவர் யாரையும் லேசில் நம்பமாட்டார். கம்பெனி முத்திரை பதித்த தட்டையோ துண்டையோ நீட்டி, "கேப்டன் எங்கப்பாவுக்குப் பரிசா குடுத்தாரு" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கேப்டனுக்கு வேற வேலையே இல்ல பாருங்க! சுருட்டினதுன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

பதிவேட்டில் பாதிக்கு மேல் 'சுருட்டியது'தான்.

ஒருநாள் அவர் மனைவி வந்து, முத்திரை பதித்த ஆறு வெள்ளிக் கரண்டிகளை மேசைமேல் வைத்தாள்.

"நம்ம வீட்டு அலமாரியில இருந்துச்சு. இதை எப்படி எழுதப்போறீங்க?"

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு நிதானமாக எழுதினார்: 'கேப்டன் பரிசாகக் கொடுத்தது.'